தொட்டில் கட்டின மரம்

"புடிச்சிட்டேன் மேடம். இந்தம்மாதான்."

லாட்ஜ் வாட்ச்மேன் டில்லிபாபு ஒரு பெண்ணைச் சுவரோரமாக நிற்க வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் துணித் தொட்டில்.

யுவஸ்ரீக்கு ஆத்திரமாக வந்தது. திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த லாட்ஜின் நாலு மாடிச் சுவரிலும் செடி வளர்த்துக் காட்டியவள் அவள். தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். சென்னையில் பதினோரு கட்டடங்களுக்குப் பச்சைச் சட்டை மாட்டியிருக்கிறாள். எங்கேயும் வராத வம்பு இங்கே வந்தது. கிருத்திகை முடிந்தால் போதும், கீழ் வரிசைச் செடிகள் வாடிப்போகும். யாரோ செடிகளைத் தாங்கும் கம்பியில் துணியைக் கட்டி இறுக்கி, சொட்டுநீர்க் குழாயை நசுக்கிவிட்டுப் போவார்கள்.

"ஏம்மா, செடிக்கும் உயிர் இருக்குன்னு தெரியாதா? தண்ணி இல்லாம அதுங்க சாவுது."

"தப்புதாங்க மேடம். கட்டி, கும்பிட்டு, ஒடனே அவுத்துடறேன். உள்ள கொழா போறது தெரியாதுங்க."

"எதுக்குக் கட்டணும், எதுக்கு அவுக்கணும்?"

அவள் பெயர் பாஞ்சாலி. பள்ளிப்பட்டில் நெசவுக் குடும்பம். சொல்லலாமா வேண்டாமா என்று டில்லிபாபுவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"இங்க ஒரு வேப்பமரம் இருந்துச்சுங்க. கொழந்த வேணும்னு அதுல தொட்டில் கட்டினேன். பொறந்ததும் புள்ளையத் தூக்கிகினு வந்து அவுக்கறேன்னு வேண்டுதல். பொண்ணு பொறந்துச்சு. தறி வேலையில இன்னிக்கு நாளைக்குன்னு அஞ்சு வருசம் ஓடிப்போச்சு."

"சரி, அப்புறம்?"

"புள்ளைக்கு நோவு கண்டுச்சு. ரத்தத்துல ஏதோ கோளாறாம். மாசத்துல பாதி நாளு ஆஸ்பத்திரியிலதான் கெடக்குது. பயந்துகினு ஆடிக் கிருத்திகைக்கு ஓடியாந்தேன். வந்தா மரமே இல்லீங்க. உள்ளுக்குள்ள அழுகிப்போச்சு, அதான் வெட்டினோம்னு லாட்ஜுல சொன்னாங்க."

பாஞ்சாலி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டுதல முடிக்காத என் பாவம்தாங்க. மொதல்ல மரத்த அரிச்சிச்சு. இப்ப புள்ளைய அரிக்குது. மரம் நின்ன எடத்துலயாவது கட்டி அவுத்தா சாமி மனசு எறங்காதான்னுதான் கிருத்திகைக்குக் கிருத்திகை வரேன். ராவுல தூக்கமே இல்ல. நான்தானே என் புள்ளைய இப்புடிப் படுக்க வச்சிட்டேன்னு இருக்குது."

யுவஸ்ரீயின் ஆத்திரம் இறங்கிவிட்டது.

"நீங்க மரம் செடியெல்லாம் படிச்சவங்கன்னு இவரு சொன்னாரு. அந்த மரத்தப் பாத்திருக்கீங்களா மேடம்?"

"ஆங்... பாத்திருக்கேன்."

"நெசமாவே அழுகித்தான் இருந்துச்சா? இல்ல, நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்ப என் பாவம் இல்லன்னு நெனச்சிகினு பொழச்சிக்குவேன்."

மலைப் படியில் காவடிக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அது கடந்து போகும் வரை யுவஸ்ரீ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுகித்தான் இருந்துச்சும்மா."

பாஞ்சாலி மெல்லத் தலையாட்டினாள். தொட்டிலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, செடிகளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள்.

"குழாயை நான் மாத்தி வச்சுடறேன்" என்றாள் யுவஸ்ரீ. "அடுத்த கிருத்திகைக்கு வந்தா கட்டிக்கட்டும். தடுக்காதீங்க."

"ரொம்ப நல்ல மனசுங்க மேடம் உங்களுக்கு" என்றார் டில்லிபாபு.

நிழல் விழுந்தால் சுவரில் செடி வராது என்பதற்காக, வைரம் பாய்ந்து நின்ற அந்த வேப்பமரத்துக்கு 'உள்ளே அழுகல்' என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் யுவஸ்ரீதான்.