அரண்மனைக் கூரை

வார இறுதிக்கு ஹோட்டலில் தங்க வந்த வயதான தம்பதியை அரண்மனைக்குக் கூட்டிப்போன கைடு வாயைத் திறக்குமுன்பே, பெரியவர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது படி வழுக்கும், பார்த்து வா."

மண்டபத்தில், "அந்தக் கல்லு கொஞ்சம் தூக்கிட்டிருக்கும், காலை இடிச்சுக்காத" என்றார்.

"நிறைய தடவை வந்திருக்கீங்க போலிருக்கே. அப்ப கூரை ஓவியத்தைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம்" என்றார் கைடு.

"அதைத்தான் பார்த்ததில்ல" என்று நிமிர்ந்தார் பெரியவர்.

விளக்கொளியில் பொன்னும் நீலமுமாக ஒரு வானமே விரிந்து கிடந்தது. அண்ணாந்தவர் தலையை இறக்கவேயில்லை.

மனைவி கைடிடம் மெல்லச் சொன்னாள். "முப்பது வருஷம் இந்தத் தரையைப் பெருக்கித் துடைச்சவர். கூரை விளக்கைப் போடறதுக்குள்ள வேலையை முடிச்சுட்டு வெளியே போயிடணும்."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, போதும். கழுத்து வலிக்கப் போகுது."

"வலிக்கட்டும். இத்தனை வருஷமா முதுகுதானே வலிச்சுது."