மைனா போட்ட விதி

மாலையானால் பறவைகள் புளியமரத்தில் கூடிப் பேசும். யாரையாவது இழித்துப் பேசினால் மூன்று நாள் மரத்துப் பக்கமே வரக்கூடாது என்று மைனா விதி போட்டது. கொக்கை "ஒற்றைக்கால் திருடா" என்று திட்டிய காகத்தை அன்றே அனுப்பியும் வைத்தது.

ஒருநாள் வாக்குவாதம் முற்றி, "உன் மண்டையில் இதெல்லாம் ஏறாது, வாயை மூடு!" என்று மைனாவே புறாவைப் பார்த்துக் கத்திவிட்டது.

"கோபத்தில் சொன்னதுதானே, விடு," என்றது மைனாவின் தோழி கிளி.

"காகமும் கோபத்தில்தான் சொன்னது," என்றது மைனா. புறாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தானும் மூன்று நாள் விலகியிருக்கக் கிளம்பியது.

கொஞ்ச தூரம் பறப்பதற்குள் பின்னால் மரத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. அதுவரை அங்கே வாயே திறக்காத சிட்டுக்குருவி, "நானும் ஒன்று சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.