தம்பிக்கு ஒரு தலைப்பு

கருட சேவைக் கூட்டம் கலைந்த தெருவில் மிதிபட்ட துளசி வெயிலில் வாடி மணக்கிறது. காலை நெரிசலில் தம்பியைத் தொலைத்த அம்சா, அவனைத் தேடச் சொல்லிப் பேசிய வீடியோவோடு பூட்டிய கடையொன்றின் படியில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குத் தலைப்பு கேட்டால், செல்போனிலுள்ள ஏஐ ‘காஞ்சியை உலுக்கிய கண்ணீர்க் கதை’ என்கிறது. ‘கதை வேண்டாம், ஆளைத் தேட வேண்டும்’ என்று திருத்திக் கேட்கிறாள். சந்தோஷ்குமார், நீலச் சட்டை, காது கேட்காது, பேச்சு வராது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறாள். தலைப்பு நீண்டுகொண்டே போகிறது. அண்ணன் தனசேகரன் எட்டிப் பார்க்கிறான். “இவ்ளோ நீளம் வச்சா பாதிதான் தெரியும். எதுனா ஒண்ண எடுத்துடும்மா.” துடைப்பங்கள் தெருவைப் பெருக்கிக்கொண்டே நெருங்கி வருகின்றன. தலைப்பை முதலிலிருந்து படித்துவிட்டு அம்சா சொல்கிறாள். “பேர எடுத்துடறேண்ணா. கூப்ட்டா அவனுக்குக் கேக்கவா போவுது?”