கதவோரத்து வெயில்

தோளால் முட்டினாலும் மசியாத தகரக் கொட்டகைக் கதவு இன்று தொட்டதும் மூடிக்கொள்கிறது. தோட்டத்தில் நிற்கும் அப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி திறக்கிறார். இரண்டு சைக்கிள், ஏணி, காற்றுப் போன நீச்சல் தொட்டி, கைப்பிடி அறுந்த சூட்கேஸ் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. கதவோரம் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழுந்து கிடக்கிறது. எதையோ வெளியே விட்டுவிட்டோமோ என்று புல்தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். உடைந்த நாற்காலியோடு அம்மா வருகிறாள். "என்ன தேடறீங்க?" "கடைசியா ஒண்ணு வைப்பேனே, அது எங்கேன்னு தெரியல." "நம்ம பொண்ணு சைக்கிளா? புது வேலைக்கு ஊர் மாறிப் போறப்ப அவதான் கூடவே எடுத்துட்டுப் போயிட்டாளே. அந்த இடத்துல இத வைங்க." அப்பா நாற்காலியைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த வெயிலையே பார்க்கிறார். "இங்க ஏது இடம்?" என்கிறார்.