கோட்டைக்குப் போகும் பெட்டி

கைத்தராசின் கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கினேன். நாற்பத்தொன்பது பவுண்ட். ஐம்பதைத் தாண்டினால் ஏர்போர்ட்டில் கடையைப் பரப்ப வேண்டியதுதான்.

சரியாக அந்த நேரத்தில் கராஜ் வாசலில் வந்து நின்றார் எங்கள் தெரு நாகமணி ஆன்ட்டி. கையில் எவர்சில்வர் டப்பா.

கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி, சான் ரமோனில் யார் விமானம் ஏறினாலும் நம்மவர்களுக்குத் தெரிந்துவிடும். அயர்லாந்தில், டப்ளினில் எனக்கு நான்கு நாள் ஆபீஸ் வேலை. சனிக்கிழமை சும்மாதான், பக்கத்தில் ஏதோ பழைய கோட்டையாம், பார்த்துவிட்டு வருவேன் என்று லிவர்மோர் கோவிலில் வாயை விட்டது என் தப்பு.

பெட்டியில் டப்பாவுக்கு இடமில்லை என்று சொல்வதற்குள் அவர் கோட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கட்டி எண்ணூறு வருஷம் ஆகிறதாம். மாடிப்படி வலப்பக்கமாகச் சுழன்று ஏறுமாம். மேலே நிற்கிறவனுக்கு வாள் வீச வசதி, கீழேயிருந்து வருகிறவனுக்குக் கை சுவரில் இடிக்கும். பன்னிரண்டாவது படி மட்டும் வேண்டுமென்றே உயரம், எதிரி தடுக்கி விழ. வாசலுக்கு மேலே ஓட்டை, வருகிறவன் தலையில் வெந்நீர் ஊற்ற. ஒரு தடவை நாற்பது நாள் முற்றுகை. உள்ளே இருந்த கிணறுதான் எல்லோரையும் காப்பாற்றியது. மொட்டை மாடியில் நின்றால் ஆறு தெரியும். எந்த நேரமும் மழை, ரெயின் ஜாக்கெட் இல்லாமல் போகாதே. மூன்று மணி டூரில் கூட்டம், பதினொரு மணிக்கே போய்விடு.

"எப்ப போனீங்க ஆன்ட்டி?"

"நான் எங்க கண்ணு போனேன். இனியன் அங்கதான கைடா இருக்கான்."

இனியன் அவருடைய ஒரே பிள்ளை. சான் ஹோசேயில் பார்த்த நல்ல வேலையை நான்கு வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டு, எனக்குச் சரித்திரம்தான் பிடித்திருக்கிறது என்று அயர்லாந்துக்குப் போய்விட்டான். கோட்டைக்கு வாட்ச்மேனாகப் போகிறவன் எனக்குப் பிள்ளையே இல்லை என்று ஆன்ட்டி கத்தியது எங்கள் தெருவுக்கே கேட்டது. அன்றிலிருந்து அவன் இவருடைய போனை எடுப்பதில்லை.

அங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யூடியூபில் போடும் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்க்கிறாராம். சிலதில் அவன் முகம் வரும். பலதில் குரல் மட்டும்தான். ஒன்றில், யாரோ பன்னிரண்டாவது படியில் தடுக்கியபோது அவன் சிரிக்கிறானாம். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்பாராம்.

என் கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

டப்பா நிறைய தேங்காய்ப்பால் முறுக்கு. பெட்டிக்குள் வைத்துத் தூக்கினேன். ஐம்பதே முக்கால்.

முறுக்கை ஜிப்லாக் பையில் போட்டுக்கொள்கிறேன் ஆன்ட்டி, டப்பாதான் கனம் என்றேன். என் புத்திக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஆன்ட்டி பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து, வாஷிங் மெஷின் மேல் கிடந்த பேப்பரில் முறுக்கு முழுவதையும் கொட்டினார். டப்பாவைத் துப்பட்டாவால் துடைத்து மூடி, என் துணிகளுக்கு நடுவே வைத்தார்.

"டப்பா மட்டும் போகட்டும் கண்ணு. வரும்போது மறக்காம வாங்கிட்டு வந்துரு."

முறுக்கு போகாவிட்டாலும் பரவாயில்லை, டப்பா போய்த் திரும்ப வேண்டுமா? இது என்ன கூத்து என்று அவரையே பார்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னார்.

"வாங்குன ஏனத்தக் காலியாத் திருப்பித் தரக் கூடாதுன்னு சொல்லித்தான் வளத்தேன். ஒரு பிடி சக்கரையாச்சும் போட்டுத்தான் குடுப்பான்."

டாக்ஸி வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

ஜிப்பை மறுபடியும் திறந்தேன். ரெயின் ஜாக்கெட்டை உருவி வெளியே போட்டுவிட்டு, பேப்பரில் கிடந்த முறுக்கை உடையாமல் டப்பாவில் அடுக்கத் தொடங்கினேன்.