ஏழு ஆணி

"சுவத்துல ஏழு ஆணி அடிச்சிருக்கீங்க. பாத்ரூம் கதவு ஊறிப்போயிருக்கு. அட்வான்ஸ்ல ஒத்தப் பைசா திரும்பாது."

சொல்லிவிட்டு ஹவுஸ் ஓனர் புரோக்கரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வாசலில் சாமான் வண்டி காத்திருந்தது. பணம் தீரப்போகிறது என்று கரண்ட்டுக்கான ரீசார்ஜ் மீட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கணவன் காலி அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு. அதுக்கு ரெண்டு வருஷமா கரண்ட்டுக்குக் கொட்டி அழுதோம். இப்ப அட்வான்ஸும் போச்சு. நீ என்னடான்னா போனை நோண்டிட்டிருக்க."

"மீட்டருக்கு ரீசார்ஜ் பண்றேன்."

"காலி பண்ற வீட்டுக்கா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

மீட்டர் அடங்கியது. மனைவி மாடியைப் பார்த்தாள்.

"காலையில ஃபேனைத் துடைக்க மெயினை அணைச்சேன். மேல ஓனரோட அப்பாவுக்கு ஓடுற ஆக்ஸிஜன் மெஷினும் சேர்ந்து நின்னுபோச்சு. பதறிப்போய் உடனே போட்டேன்."

அவன் நடை நின்றது.

"அப்போ இத்தனை நாளா நம்ம மீட்டர்லயா?"

"ஆமா. பாவம், அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு வாரத்துக்குப் போட்டிருக்கேன்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த வாரத்துக்கு அவர் பெத்த பிள்ளை போடட்டும்."