அணைக்காத க்ளாக்

"கையெழுத்தைப் போடும்மா. தப்பு உன்னோடதுதான்" என்று தப்பை ஒப்புக்கொள்ளும் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார் மேலாளர்.

கடிதத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பட்டை உயிரில்லாமல் கிடந்தது. வயதானவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. பட்டனை அமுக்கினால் அதற்குள் இருக்கும் சிம்மின் நம்பரிலிருந்து வீட்டாரின் போனுக்கு அழைப்புப் போகும். ஒரு முறை சார்ஜ் போட்டால் பத்து நாள் தாங்கும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"பத்து நாளாம், பத்து நாள்! எங்கப்பா கையில கட்டிவிட்டேன். காலையில எட்டு மணிக்கு முழு சார்ஜ். சாயங்காலம் போய்ப் பார்த்தா சுத்தமா காலி. ஒரு வாரமா இதே கூத்து" என்று பொரிந்தார் மேலாளர்.

பட்டைக்குள் இருக்கும் சிப்பை எழுப்புவதும் தூங்க வைப்பதும் அவள் எழுதிய டிரைவர் நிரலின் வேலை. அழைப்பு என்றால் சிப்பின் துடிப்பான க்ளாக்கை ஓடவிட வேண்டும், முடிந்ததும் நிறுத்த வேண்டும். நிறுத்த மறந்தால் சும்மா ஓடியே பேட்டரியைக் குடித்துவிடும். மறந்துவிட்டாள் என்பதுதான் மேலாளரின் கட்சி.

"ஓடவிட்டதை நிறுத்தாம விடாது சார் என் டிரைவர். செய்யாத தப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடலைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"சரி, வரல. ஆனா போடவும் மாட்டேன்."

எட்டு வருஷம் மாடாய் உழைத்தவளை இப்படி எடுத்தெறிந்து பேசுகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டையை எடுத்துத் தன் மடிக்கணினியில் சொருகினாள்.

கதவோரம் நின்றிருந்த சோதனைப் பிரிவுக்காரர் மெல்ல வாயைத் திறந்தார். "பட்டையோட பதிவை எடுத்துப் பார்த்துடலாம்னு சொல்லத்தான் சார் நேத்து லேப் போன்லேர்ந்து கூப்பிட்டேன். மணியே அடிக்கல."

"என் போன்ல பேர் போட்டு வைக்காத நம்பர்னா அதுவே வெட்டிவிட்டுடும். கடன் வேணுமா, மனை வேணுமான்னு எவனெவனோ உயிரை எடுக்கறான். ரெண்டு பேரும் பேச்சை மாத்தாதீங்க!"

"உங்கப்பா அடிக்கடி பட்டனை அமுக்குவாரா சார்?" என்று கேட்டாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவர் எதுக்கு அமுக்கணும்? சாப்பாடு, மாத்திரை, டிவி ரிமோட் எல்லாம் கைக்கெட்டற தூரத்துல வெச்சுட்டுத்தானே வர்றேன். ஒரு நாள்கூட கூப்பிட்டதில்ல. இப்பல்லாம் முகம் கொடுத்துப் பேசறதுகூட இல்ல. என்ன கோபமோ, போ!"

நேற்றைய பதிவு திரையில் வரிவரியாக இறங்கியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்களே எண்ணிக்கோங்க. க்ளாக் ஓடினது இருநூத்தி ஆறு தடவை. நின்னதும் இருநூத்தி ஆறு தடவை. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அப்ப பேட்டரி எங்கே போச்சு? காத்துல கரைஞ்சுடுச்சா?"

"ஒரே பகல்ல இருநூத்தி ஆறு அழைப்புன்னா எந்த பேட்டரி சார் தாங்கும்?"

"ஏதோ தானா அழைக்குது. அதுவும் உன் கோளாறுதான்!"

"தானா இல்ல. ஒவ்வொரு தடவையும் விரல் பட்டனை அமுக்கியிருக்கு. நேரத்தோட எழுதியிருக்கு, பாருங்க." சொல்லிக்கொண்டே கடிதத்தை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே இரண்டாகக் கிழித்தாள்.

மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன திமிர் உனக்கு! அவருக்கு இருக்கறது நான் ஒருத்தன். வேற யாரை இருநூறு தடவை கூப்பிடப் போறார்? எங்கே, நம்பரைக் காட்டு!"

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"எல்லாமே உங்க நம்பர்தான் சார்."